லைனஸ் பாலிங்: உயிரைக் கட்டிவைத்திருக்கும் பிணைப்பைச் சொன்னவர்... டி.என்.ஏ-வில் தண்ணீரைக் கோட்டை விட்டது எப்படி?

1953 ஜனவரி மாதக் கடைசி. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வகத்துக்கு ஒரு கட்டுரையின் கைப்பிரதி வந்து சேர்கிறது. எழுதியவர் அமெரிக்காவின் லைனஸ் பாலிங். அன்றைய தேதியில் உலகத்திலேயே பெரிய வேதியியலாளர் யார் என்று கேட்டால் பலரும் சொல்லக்கூடிய பெயர். டி.என்.ஏ-வின் வடிவத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக அதில் எழுதியிருந்தார். அதே வேலையில் இறங்கியிருந்த ஜேம்ஸ் வாட்சனுக்கும் பிரான்சிஸ் கிரிக்குக்கும் முதலில் பகீரென்றது. படித்து முடித்ததும் நிம்மதி. அன்று சாயங்காலம் மதுக்கடைக்குப் போய்க் கொண்டாடவே செய்தார்கள்.

காரணம், முதலாண்டு வேதியியல் மாணவரே கண்டுபிடித்துவிடக்கூடிய தவறு அதில் இருந்தது. வேதிப் பிணைப்பு என்றால் என்ன என்று உலகத்துக்கே பாடம் எடுத்தவர், ஹைட்ரஜன் பிணைப்பை உயிரியலுக்குள் கொண்டுவந்தவர், அதே ஹைட்ரஜன் பிணைப்பில் சறுக்கினார். எப்படி?

மருந்துக்கடைக்காரர் மகன்

1901 பிப்ரவரி 28-ல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், போர்ட்லாண்ட் நகரத்தில் பிறந்தவர் பாலிங். அப்பா மருந்துக்கடை வைத்திருந்தார். பையனுக்குப் புத்தகப் பைத்தியம். ஒன்பது வயது மகனுக்கு இன்னும் என்னென்ன படிக்கக் கொடுக்கலாம் என்று உள்ளூர்ப் பத்திரிகைக்கே கடிதம் எழுதிக் கேட்டவர் அந்த அப்பா. அது 1910 மே மாதம். அடுத்த மாதமே வயிற்றுப் புண் முற்றி இறந்துபோனார்.

அதன் பிறகு அம்மாவுக்கு மூன்று குழந்தைகளோடு போராட்டம்தான். வீட்டு அறைகளை வாடகைக்கு விட்டுச் சாப்பாடும் போட்டு ஆள் தங்கவைத்தார். பாலிங் சின்னச் சின்ன வேலைகளுக்குப் போனார். இதற்கு நடுவில், பள்ளித் தோழன் ஒருவன் சர்க்கரையில் அமிலத்தைச் சேர்த்து அதைக் கரியாக்கிக் காட்டியதைப் பார்த்ததும் வேதியியல் பிடித்துக்கொண்டது. தாத்தா பாட்டி வீட்டுப் பக்கம் மூடிக்கிடந்த இரும்பு ஆலையிலிருந்து ரசாயனங்களை எடுத்து வந்து, வீட்டின் அடித்தளத்தில் சொந்தமாக ஓர் ஆய்வகம் போட்டார்.

பள்ளிப் படிப்பை முடித்தார், ஆனால் சான்றிதழ் வரவில்லை. அமெரிக்க வரலாற்றுப் பாடத்தை எடுக்கவில்லை என்று பள்ளி மறுத்துவிட்டது. அந்தச் சான்றிதழ் அவர் கைக்கு வந்தது 1962-ல். அதற்குள் அவர் நோபல் பரிசே வாங்கிவிட்டார்!

1917-ல் ஒரிகன் வேளாண் கல்லூரியில் சேர்ந்தார். இரண்டு வருஷத்தில் காசு தீர்ந்துபோனது. சாலை போடும் இடத்தில் மேற்பார்வை வேலைக்குப் போனார். கெட்டிக்காரப் பையனை விட மனமில்லாத கல்லூரி, மாதம் 100 டாலர் சம்பளத்துக்கு அவரையே பாடம் நடத்தக் கூப்பிட்டது. மாணவராக இருக்கும்போதே ஆசிரியர். அந்த வருஷம்தான் கில்பர்ட் லூயிஸ், இர்விங் லாங்மியூர் ஆகியோரின் கட்டுரைகளைப் படித்தார். இரண்டு அணுக்கள் எலக்ட்ரான் ஜோடியைப் பங்குபோட்டுக்கொண்டால் பிணைப்பு உருவாகும் என்று லூயிஸ் 1916-ல் சொல்லியிருந்தார். சரி, ஏன் பங்குபோடுகின்றன, அந்தப் பிணைப்பு ஏன் குறிப்பிட்ட கோணத்தில் நிற்கிறது? அதற்கு அப்போது யாரிடமும் பதில் இல்லை. பாலிங்குக்கு வாழ்நாள் வேலை கிடைத்துவிட்டது.

1922-ல் மனையியல் மாணவிகளுக்கு வேதியியல் நடத்தப் போனபோது, அம்மோனியம் ஹைட்ராக்சைடு பற்றி ஒரு மாணவியிடம் கேள்வி கேட்டார். அவர் பெயர் ஏவா ஹெலன் மில்லர். அடுத்த வருஷம் கல்யாணம்.

அணுக்களுக்குள் கயிறு இழுக்கும் போட்டி

கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில், அதாவது கால்டெக்கில், 1925-ல் முனைவர் பட்டம். படிகங்கள் மேல் எக்ஸ்ரே பாய்ச்சி அணுக்கள் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று பார்க்கும் வித்தையை அங்கேதான் கற்றார். பிறகு ஐரோப்பா போய், அப்போது புத்தம் புதிதாக இருந்த குவாண்டம் இயற்பியலைப் படித்தார். இரண்டும் தெரிந்த வேதியியலாளர்கள் அன்று விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள்.

1931-ல் வேதிப் பிணைப்பின் இயல்பு பற்றி அவர் எழுதிய கட்டுரையும், 1939-ல் அதே தலைப்பில் வந்த புத்தகமும் வேதியியலையே புரட்டிப்போட்டன. ஒரு கார்பன் ஏன் நான்கு திசையில் நான்கு சமமான பிணைப்புகளை நீட்டுகிறது என்பதை அவர் குவாண்டம் கணக்கிலிருந்து விளக்கினார். உடம்பில் இருக்கும் சர்க்கரை, கொழுப்பு, புரதம் போன்ற மூலக்கூறுகளுக்கு அந்தக் கார்பன்தான் எலும்புக்கூடு.

இன்னொரு சாதனை நம்ம ஊர் பிளஸ் ஒன் புத்தகத்திலேயே இருக்கிறது: எலக்ட்ரான் கவர்தன்மை. பிணைப்பில் இருக்கும் எலக்ட்ரான்களை ஓர் அணு எவ்வளவு பலமாகத் தன் பக்கம் இழுக்கும் என்பதற்கு பாலிங் ஒரு எண் கொடுத்தார். அவருடைய அளவுகோலில் ஃபுளோரினுக்கு 4.0, ஆக்சிஜனுக்கு 3.5, ஹைட்ரஜனுக்கு 2.1.

இந்த எண்களை வைத்துத் தண்ணீரைப் பாருங்கள். ஓர் ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன். ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் அந்தப் பக்கம் லேசான எதிர்மின்தன்மையும், ஹைட்ரஜன் பக்கம் லேசான நேர்மின்தன்மையும் வருகின்றன. அதனால் ஒரு தண்ணீர் மூலக்கூறின் ஹைட்ரஜன், பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனை ஈர்க்கிறது. இதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு.

மூலக்கூறுக்கு உள்ளே ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்திருக்கும் சகப்பிணைப்போடு ஒப்பிட்டால் இதன் வலு சுமார் இருபதில் ஒரு பங்குதான். திரவத் தண்ணீரில் ஒரு வினாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள் அறுந்து, வேறு மூலக்கூறோடு மறுபடி சேர்ந்துவிடும். ஆனால் கோடிக்கணக்கில் சேரும்போது கதையே வேற. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, தண்ணீரைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கனமான மூலக்கூறு. ஆனாலும் அது நம் அறை வெப்பநிலையில் வாயு. தண்ணீரோ 100 டிகிரி வரை திரவம். இந்தச் சின்னப் பிணைப்பு மட்டும் இல்லையென்றால் பூமியில் கடலும் இல்லை, நம் உடம்பில் ரத்தமும் இல்லை.

ஹைட்ரஜன் பிணைப்பைக் கண்டுபிடித்தவரே பாலிங் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. 1920-லேயே லூயிஸின் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்த லாட்டிமரும் ரோட்புஷும் தண்ணீரை வைத்து அந்தக் கருத்தைச் சொல்லிவிட்டார்கள். 1935-ல் பாலிங் செய்தது, ஐஸ் கட்டிக்குள் ஹைட்ரஜன்கள் எத்தனை விதமாக மாறி மாறி உட்காரலாம் என்று ஒரு கணக்கு. எளிமையான கணக்குதான். விடையோ ஆய்வகத்தில் அளந்த எண்ணோடு அப்படியே ஒத்துப்போனது. இவர் உண்மையில் முந்திக்கொண்டது வேறு இடத்தில்: இதே பலவீனமான பிணைப்புதான் உயிரின் மூலக்கூறுகளுக்கு உருவம் கொடுக்கிறது என்று பிடித்தார்.

முட்டையை வேகவைத்தால் என்ன ஆகிறது?

முட்டையின் வெள்ளைக்கரு பச்சையாக இருக்கும்போது கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும். வேகவைத்தால் வெள்ளையாகக் கெட்டியாகும். ஆறவைத்தாலும் பழையபடி திரும்பாது. 1936-ல் ஆல்ஃபிரட் மிர்ஸ்கியும் பாலிங்கும் இதற்கு விளக்கம் சொன்னார்கள். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீளமான சங்கிலி. அதை ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் மடித்துப் பிடித்திருப்பவை முக்கியமாக ஹைட்ரஜன் பிணைப்புகள். சூடுபட்டால் அவை அறுந்து மடிப்பு கலைகிறது. சங்கிலி அறுவதில்லை, உருவம்தான் போகிறது. உருவம் போனால் வேலையும் போய்விடும்.

அப்படியானால் அந்த மடிப்பு எப்படி இருக்கும்? 1937-லேயே முயற்சி செய்து பார்த்தார், சரிவரவில்லை. நடுவில் 1941-ல் சிறுநீரக நோய் ஒன்று அவரை முடக்கியது. அந்தக் காலத்தில் அது பெரும்பாலும் மரண தண்டனைதான். தாமஸ் ஆடிஸ் என்ற மருத்துவர் உப்பையும் புரதத்தையும் கடுமையாகக் குறைத்து, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். ஏவா ஹெலன் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டையும் எடைபோட்டுக் கொடுத்தே வருஷக்கணக்கில் அவரைக் காப்பாற்றினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

1948-ல் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தபோது சளி பிடித்துப் படுத்துவிட்டார். துப்பறியும் நாவல்கள் படித்துச் சலித்துப்போய், ஒரு தாளில் புரதச் சங்கிலியை வரைந்து மடிக்க ஆரம்பித்தார். அமினோ அமிலங்களை இணைக்கும் பிணைப்பு திருகாது, தட்டையாகவே இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அதை விட்டுக்கொடுக்காமல் தாளைச் சுருட்டியபோது ஓர் அழகான திருகு வந்தது. ஒவ்வோர் அமினோ அமிலமும் தனக்கு நாலு இடம் தள்ளி இருப்பதோடு ஹைட்ரஜன் பிணைப்பில் சேர்ந்தது. இதுதான் ஆல்ஃபா ஹெலிக்ஸ். நம் தலைமுடியில், நகத்தில், ஹீமோகுளோபினில் எல்லாம் இருக்கும் வடிவம்.

கண்டுபிடித்ததும் வெளியிட்டாரா என்றால், இல்லை. எக்ஸ்ரே படத்தில் இருந்த ஓர் அளவு இவருடைய மாதிரியோடு கொஞ்சம் பொருந்தவில்லை. ராபர்ட் கோரியோடு சேர்ந்து அமினோ அமிலங்களின் அளவுகளை எல்லாம் திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டே இருந்தார். 1951-ல்தான் அச்சேறியது. முதல் முயற்சியிலிருந்து கணக்குப் போட்டால் 14 வருஷம்!

அந்த வருஷம் வந்த கட்டுரைகள் எல்லாமே சரியாக இருக்கவில்லை. தோலிலும் தசைநாரிலும் இருக்கும் கொலாஜன் புரதத்துக்கு பாலிங்கும் கோரியும் கொடுத்த வடிவம் தவறு. மூன்று சங்கிலிகள் முறுக்கிக்கொண்ட வடிவத்தை 1954-ல் முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும்.

ரத்தத்துக்குள் ஓர் அரிவாள்

அரிவாள் செல் ரத்தசோகையில் வட்டமான சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்துவிடும். ஆக்சிஜன் குறைந்த ரத்தத்தில்தான் இப்படி வளைகிறது என்று 1945-ல் ஒரு மருத்துவர் பேச்சுவாக்கில் சொன்னதைக் கேட்டதும் பாலிங்குக்குப் பொறி தட்டியது. ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். அப்படியென்றால் கோளாறு அணுவில் இல்லை, அதற்குள் இருக்கும் மூலக்கூறில். மாணவர் ஹார்வி இட்டானோவும் சக ஆய்வாளர்களும் மின்புலத்தில் இரண்டு ஹீமோகுளோபின்களையும் ஓடவிட்டுப் பார்த்தபோது, அவை வேறு வேறு வேகத்தில் நகர்ந்தன. 1949-ல் வெளியான அந்தக் கட்டுரைதான் ஒரு நோய்க்கு ஒரு மூலக்கூறைக் காரணமாக முதன்முதலில் நிரூபித்தது.

பின்னர் வெர்னன் இங்ராம் காட்டியபடி, மாறியிருப்பது ஒரே ஓர் அமினோ அமிலம். தண்ணீரோடு ஒட்டும் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில், தண்ணீரை ஒதுக்கும் வேலின். தண்ணீரை ஒதுக்கும் அந்த ஒட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நீள நாராக மாறி அணுவையே வளைத்துவிடுகின்றன. 1952-ல் நீலகிரிப் பழங்குடி மக்களிடமும் இந்தக் குறைபாடு இருப்பது பதிவானது. இன்றுவரை அந்த மலைக் கிராமங்களில் ரத்தப் பரிசோதனை நடக்கிறது.

அந்த ஒரு மாதம்

இப்போது டி.என்.ஏ-வுக்கு வருவோம். 1952 நவம்பர் கடைசியில்தான் பாலிங் அதில் தீவிரமாக இறங்கினார். கட்டுரையை அனுப்பியது டிசம்பர் 31. ஆல்ஃபா ஹெலிக்ஸுக்கு 14 வருஷம், இதற்கு ஒரு மாதம்.

அவர் போட்ட வடிவம் மூன்று சங்கிலிகள். நடுவில் பாஸ்பேட் தொகுதிகள், வெளியே காரங்கள். பாஸ்பேட்டுகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் சேர்த்துப் பிடித்திருக்கின்றன என்றார். இங்கேதான் கோளாறு. டி.என்.ஏ ஓர் அமிலம், பெயரிலேயே இருக்கிறது. தண்ணீர் நிறைந்த செல்லுக்குள் பாஸ்பேட் தன் ஹைட்ரஜனை விட்டுவிடும். ஹைட்ரஜனே இல்லாத இடத்தில் ஹைட்ரஜன் பிணைப்பு எங்கிருந்து வரும்? மிஞ்சுவது எதிர்மின்சுமை மட்டும். நடுவில் நெருக்கி அடுக்கினால் ஒன்றையொன்று தள்ளி மூலக்கூறே சிதறிவிடும்.

மூன்று சங்கிலி என்ற எண்ணிக்கைக்கும் தண்ணீர்தான் காரணம். அவர் கையில் இருந்தவை பழைய, மங்கலான எக்ஸ்ரே படங்கள். டி.என்.ஏ இழையில் கணிசமான எடை தண்ணீருடையது. அதைக் கழிக்காமல் அடர்த்திக் கணக்கைப் போட்டதால் இரண்டு சங்கிலி இருக்க வேண்டிய இடத்தில் மூன்று வந்தது.

லண்டனில் ரோசாலிண்ட் ஃபிராங்க்ளின் இதைப் பிடித்திருந்தார். ஈரம் கூடினால் டி.என்.ஏ ஒரு வடிவத்துக்கும் குறைந்தால் இன்னொரு வடிவத்துக்கும் மாறும் என்று கண்டவர் அவர். பாஸ்பேட்டுகள் வெளியே தண்ணீரைப் பார்த்தபடிதான் இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். 1951-ல் வாட்சனும் கிரிக்கும் இதேபோல் பாஸ்பேட்டை நடுவில் வைத்து மூன்று சங்கிலி மாதிரி கட்டியபோது, தண்ணீரின் அளவையே தப்பாக எடுத்திருக்கிறீர்கள் என்று சுட்டிக்காட்டியவரும் அவரே. ஒரு வருஷம் முன்பு தாங்கள் விழுந்த அதே குழியில் பாலிங் விழுந்ததைப் பார்த்துத்தான் அந்த மதுக்கடைக் கொண்டாட்டம்.

பாஸ்போர்ட்டை மறுத்ததால்தான் பாலிங் தோற்றார் என்று ஒரு பேச்சு உண்டு. கம்யூனிஸ்ட் ஆதரவாளர் என்ற சந்தேகத்தில், 1952 மே மாதம் லண்டன் கூட்டத்துக்குப் போக அமெரிக்க அரசு அவருக்கு அனுமதி தரவில்லை என்பது உண்மை. ஆனால் கோரி அங்கே போய் ஃபிராங்க்ளினின் படங்களைப் பார்த்தார். அந்தக் கோடையில் பாஸ்போர்ட் கிடைத்து பாலிங்கே இங்கிலாந்து போனார், ஃபிராங்க்ளினின் ஆய்வகத்துக்கு மட்டும் போகவில்லை. பழியை முழுக்க அரசின் தலையில் கட்டிவிட முடியாது.

1953 ஏப்ரலில் இரட்டைச் சுருள் வெளியானது. தோல்வியை பாலிங் மறைக்கவில்லை. அத்தோடு, 1956-ல் கோரியும் அவரும் ஒரு திருத்தம் சொன்னார்கள். குவானின், சைட்டோசின் ஜோடிக்கு நடுவில் வாட்சனும் கிரிக்கும் காட்டியது இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள். உண்மையில் மூன்று. இன்று பாடப்புத்தகத்தில் நாம் படிப்பது அந்த மூன்றைத்தான்.

பால், எலும்பு, அணுகுண்டு

1954-ல் வேதியியல் நோபல். அதற்குள் அவர் கவனம் அணுகுண்டுச் சோதனைகள் பக்கம் போயிருந்தது. சோதனையில் வெளியாகும் ஸ்ட்ரான்சியம்-90, வேதியியல் குணத்தில் கால்சியம் மாதிரியே நடந்துகொள்ளும். புல்லில் விழுந்து, பசும்பாலில் கலந்து, குழந்தைகளின் எலும்புக்குள் போய் உட்கார்ந்துவிடும். சோதனைகளை நிறுத்தக் கோரி 11,000-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளின் கையெழுத்தை பாலிங் தம்பதி சேர்த்து, 1958 ஜனவரியில் ஐ.நா-விடம் கொடுத்தார்கள். கையெழுத்து வாங்கித் தந்தவர்கள் யார் யார் என்று 1960-ல் அமெரிக்க செனட் துணைக்குழு விசாரித்தது. சிறைக்கே அனுப்பலாம் என்ற நிலையிலும் பெயர்களைக் கொடுக்க மறுத்துவிட்டார்.

1962 ஏப்ரலில் வெள்ளை மாளிகைக்கு வெளியே பதாகை பிடித்துப் போராடினார். பிறகு உடை மாற்றிக்கொண்டு, நோபல் வென்றவர்களுக்கு அதிபர் கென்னடி கொடுத்த விருந்துக்கு உள்ளே போனார்! அடுத்த வருஷம் அக்டோபர் 10-ம் தேதி சோதனைத் தடை ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. அதே நாளில் 1962-க்கான அமைதி நோபல் அவருக்கு அறிவிக்கப்பட்டது. வேறு யாரோடும் பகிராமல் இரண்டு நோபல் வாங்கியவர் இன்றுவரை இவர் ஒருவரே. நாற்பது வருஷம் இருந்த கால்டெக்கில் இந்த அரசியலுக்கு வரவேற்பு இல்லை. அங்கிருந்து வெளியேறினார்.

கடைசி அத்தியாயம் வைட்டமின் சி. 1970-ல் ஜலதோஷத்துக்கு அதுதான் மருந்து என்று புத்தகம் போட்டார். பிறகு புற்றுநோய்க்கும் என்றார். ஒருநாள் தேவை 100 மில்லிகிராமுக்குக் கீழே. இவர் கடைசிக் காலத்தில் எடுத்துக்கொண்டது 18,000 மில்லிகிராம். தண்ணீரில் கரையும் வைட்டமின் என்பதால் உடம்பு மிச்சத்தைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். மேயோ கிளினிக் நடத்திய பரிசோதனைகளில், வாயால் சாப்பிட்ட நோயாளிகளுக்குப் புற்றுநோயில் பலன் எதுவும் தெரியவில்லை. 1979-லும் 1985-லும் முடிவுகள் வந்தன. பாலிங் ஏற்கவில்லை, பரிசோதனை நடத்திய விதமே தப்பு என்று சண்டை போட்டார். ஓர் அளவு பொருந்தவில்லை என்று ஆல்ஃபா ஹெலிக்ஸை வருஷக்கணக்கில் கையில் வைத்திருந்த அதே மனிதர்தான் இவர் என்பதை நம்பக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஏவா ஹெலன் 1981 டிசம்பரில் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். பாலிங்குக்கு வந்தது புராஸ்டேட் புற்றுநோய். 1994 ஆகஸ்ட் 19-ம் தேதி, கலிஃபோர்னியாவின் பிக் சர் கடற்கரையோரப் பண்ணை வீட்டில் 93-வது வயதில் காலமானார். வைட்டமின் சி மாத்திரையை அவர் கடைசிவரை விடவில்லை.